செத்த ஆட்டுக்கு ஒரு டிக்கெட்

செத்துக் கிடந்த ஒரு ஆட்டிடம் டிக்கெட் கேட்டு, அதை எழுப்பி நிற்க வைத்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான்.

மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது. "டிக்கெட்!" என்றேன். எழுந்து நின்றது. இதைச் சொன்னால் முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கூடவே நின்று இரண்டு கண்ணாலும் பார்த்த என் சம்பந்தியே முதலில் நம்பவில்லையே!

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். சினிமா தியேட்டரில் நாற்பது வருடம் புரொஜெக்டர் ஓட்டியவர். அந்த நாற்பது வருடமும் நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்தால் வெங்காயம் உரிக்கச் சொல்கிறார்கள் என்பதால், இருவரும் சேர்ந்து ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்கினோம். தலைமை அலுவலகம் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் ஓடாத சைக்கிளுக்கும் நடுவில் இயங்குகிறது. நிறுவனத்தின் மூளை நான். வாய் அவர்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. "திரையில எத்தனையோ பேர் அழுதாங்க, செத்தாங்க, செத்துப் பொழைச்சாங்க. எவனுக்கும் இந்தக் கை தட்டினதில்ல சம்பந்தி. நடிப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்பார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை என் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, ஒருத்தர் ஆடு பாக்க வந்துக்கிட்டே இருக்கார். வர்றார், பாக்கறார், நொட்டை சொல்றார், போறார். வாங்கவே மாட்டேங்கறார். இன்னிக்கும் வர்றேன்னு சொல்லிட்டார்."

"இதுக்கு எதுக்கு துப்பறியறவன்? கேட்டைச் சாத்து."

"சாத்துனா, சீக்காளி ஆட்டை மறைக்கிறான்னு போற இடமெல்லாம் சொல்லுவார். தெறந்தா பட்டு மேலயே கண்ணு வைக்கிறார். நீ சும்மா கூட வந்து நில்லுண்ணே, போதும்."

வேலை பார்த்த தையல் கம்பெனி மூடிய வருடம் இரண்டு பெட்டை ஆடுகளோடு தொடங்கியவள் அவள். இன்று கொட்டகை நிறைய ஆடு. கறிக்கு விற்க மாட்டாள். வளர்க்கக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் குட்டி. அத்தனைக்கும் வேர், பட்டு என்ற வெள்ளை ஆடு. கொட்டகையில் பாதிக்கு அது அம்மா, மீதிக்குப் பாட்டி. அப்போது நிறைசினையாக இருந்தது. பட்டு போனால் கொட்டகை போன மாதிரி.

சம்பந்தியோடு கிளம்பினேன். இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று பாதி நாள் அதற்குள் சிக்கிக் கிடந்தோம். இரண்டு கிடங்குச் சுவர்களுக்கு நடுவே ஒரு லாரி மட்டும் நுழைகிற சந்து. சந்தின் கடைசியில் வெளிப்பக்கமாகத் திறக்கும் இரும்புக் கம்பிக் கேட். அதற்குள் ஒரு முற்றம், தகரக் கூரை போட்ட கொட்டகை, தீவன அறை. மூன்று பக்கமும் ஆகாயத்தைத் தொடும் சுவர். அந்தக் கேட்டை விட்டால், பறக்கத் தெரிந்தால்தான் வெளியே போக முடியும்.

நொட்டை சொல்கிற மனிதர் மினி லாரியில் வந்தார். சம்பந்தி அவரைப் பார்த்த உடனே 'நொட்டையார்' என்று பெயர் வைத்துவிட்டார். லாரியைக் கேட்டை ஒட்டி அவர் நிறுத்தியதில், ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் கேட் திறந்தது. அப்போது அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வந்ததும் ஒரு கிடாய்க் குட்டியைக் காட்டினார்.

"இது ஏம்மா இப்படி நிக்குது?"

"எப்படிங்க?"

"நாலு காலையும் ஊனி."

"ஆடுங்க அது."

"நீ அனுப்புன போட்டோவுல ரெண்டு கால்தானே தெரிஞ்சுது?"

அடுத்த குட்டிக்குக் காது நீளம். காதோட எடைக்கெல்லாம் காசு தர முடியாது என்றார். அதற்கடுத்தது அவரை முறைத்ததாம். இன்னொன்றின் வாய்க்குள் விரலை விட்டு, விரலைக் கடித்தது என்று குறை சொன்னார். தண்ணீர் வாளியின் நிறம் சரியில்லை, வெயில் சரியான பக்கமிருந்து அடிக்கவில்லை.

"சம்பந்தி, இவரு பொண்ணு பாக்கப் போயிருந்தா இன்னும் கல்யாணம் ஆயிருக்காது" என்றார் சம்பந்தி என் காதில்.

பட்டுவிடம் மட்டும் நொட்டையார் ஒரு குறையும் சொல்லவில்லை. அதன் முதுகை மெதுவாகத் தடவினார். "இது?"

"இது விக்கிறதில்லைங்க. போன தடவையே சொன்னேனே."

"பேச்சுக்குக் கேட்டேன்" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். மூடி 'டக்'கென்று திறந்தது. உடனே லாரியிலிருந்து ஒரு கறுப்பு ஆடு குதித்து, கேட் இடுக்கு வழியாக நுழைந்து அவர் பக்கத்தில் வந்து நின்றது. டப்பாவிலிருந்து உலர்ந்த திராட்சை ஒன்று அதன் வாய்க்குப் போனது.

"ஆட்டுக்குத் திராட்சையா? எங்க வீட்ல எனக்கே எண்ணித்தான் குடுக்கறாங்க" என்றார் சம்பந்தி.

"காலையில ஒரு இடத்துல வாங்கினேன். வெயில் தாங்கலை பாவம். கொஞ்ச நேரம் நிழல்ல நிக்கட்டும்மா" என்றார் நொட்டையார்.

"வெளி ஆட்டை உள்ளே விடறதில்லைங்க" என்றாள் தங்கை. அது அவள் எழுதாத சட்டம். எங்கிருந்தோ வருகிற ஆடு எதைக் கொண்டுவருமோ யாருக்குத் தெரியும்? மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தாள். அந்தக் கறுப்பு ஆடு நாக்கைத் தொங்கவிட்டு அவளையே பார்த்தது. ஆட்டோடு வாழ்கிறவளால் எவ்வளவு நேரம்தான் அதைத் தாங்க முடியும்? "சரி, கொட்டகை வாசல்லயே நிக்கட்டும். உள்ளே வேண்டாம்" என்று தண்ணீர் வைத்தாள். அன்று அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

என் கையில் எப்போதும் ஒரு பஞ்ச் இருக்கும். டிக்கெட்டில் ஓட்டை போடுகிற பஞ்ச். பிரிவுபசாரத்தில் கொடுத்தார்கள். விரல் சும்மா இருக்காது. டக் டக் என்று அழுத்திக்கொண்டே இருப்பேன். அப்போதும் அழுத்தினேன். கறுப்பு ஆடு தண்ணீரை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

"பாத்தீங்களா சம்பந்தி, வாயில்லா ஜீவனுக்குக்கூட என்னோட அருமை தெரியுது" என்று அதைத் தடவிக் கொடுத்தேன். இடது விலாவில் மட்டும் முடி தேய்ந்து வழவழவென்றிருந்தது.

"யோவ், அந்தச் சத்தத்தை நிறுத்துங்க!" என்று கத்தினார் நொட்டையார். பிறகு குரலைத் தணித்து, "தலைவலி" என்றார்.

பஞ்ச்சைப் பைக்குள் போட்டேன். மரியாதை தெரிந்த மனிதன் நான்.

அதன்பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அதுவரை வெயிலிலேயே குறை கண்டவர், ஒரு பெட்டைக் குட்டியைக் காட்டி, "சரிம்மா, இதை எடுத்துக்கறேன். நீ சொன்ன விலையே" என்றார். தங்கைக்கு நம்ப முடியவில்லை.

"கையை நீட்டு. முடிச்சுக்குவோம்."

ஆட்டு வியாபாரத்தில் பேச்சு முடிந்ததற்கு அடையாளம், உள்ளங்கையில் உள்ளங்கையை ஓங்கி அடிப்பது. அடித்தார். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம்.

கறுப்பு ஆடு ஆடிப்போனது. வாளியைச் சுற்றிச் சிந்திய தண்ணீரைத் தாண்டி ஓரடி நகர்ந்தது. முன்னங்கால்களை மடக்கி, காய்ந்த வைக்கோலில் இடது பக்கமாகச் சாய்ந்தது. நாலு காலும் விறைத்தன. நாக்கு வெளியே வந்தது.

"ஐயோ! போச்சே! நல்லா வந்த ஆடும்மா! உன் கொட்டகைக் காத்து பட்டதும் விழுந்துருச்சே!" என்று நொட்டையார் தலையில் அடித்துக்கொண்டார்.

தங்கை பாய்ந்து ஓடினாள். நாடி பார்க்க, வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவளைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் நொட்டையார் குறுக்கே கையை நீட்டினார்.

"நில்லும்மா! தொத்து வியாதியா இருந்தா? அதைத் தொட்ட கையோட உன் பட்டுகிட்ட போவியா?"

அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் இருந்தது. நொட்டையார் ஒரு சாக்கை எடுத்து ஆட்டின் மேல் போட்டு மூடினார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

பிறகு அவர் தீவன அறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய், லாரிக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த அந்த ஒற்றை இடுக்கில் போட்டு உட்கார்ந்தார். மூடி போட்ட பாட்டில் மாதிரி ஆகிவிட்டது எங்கள் நிலைமை.

"இனிமே யாரும் வெளியே போகக் கூடாது. வியாதியை ஊருக்குள்ள பரப்பறதுக்கா? நான் நல்லவன்மா. ரெண்டு வழி சொல்றேன். கால்நடை ஆபீசுக்குப் போன் போடறேன், டாக்டர் வருவார், ரத்தம் எடுப்பார். ரிசல்ட் வர்ற வரைக்கும் கொட்டகைக்குப் பூட்டு. இல்லையா, செத்த ஆட்டுக்குப் பதிலா அந்த வெள்ளை ஆட்டைக் குடு. பொணத்தை நானே தூக்கிட்டுப் போயிடறேன். இங்க ஒண்ணுமே நடக்கலை."

"பட்டுக்கும் ஒட்டியிருந்தா?" என்றாள் தங்கை.

"அந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்மா."

எப்பேர்ப்பட்ட தியாகி பாருங்கள்!

நான் தங்கையையும் சம்பந்தியையும் தீவன அறைக்குள் இழுத்துப்போனேன். மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேர் நிற்க இடமில்லை. சம்பந்தியின் தொந்தி என் முதுகில் இடித்தது.

"டாக்டரை நாமளே கூப்பிடுவோம்" என்றார் சம்பந்தி.

"கூப்பிட்டா அவரும் பூட்டத்தான் செய்வார். அது சட்டம். ஒரு தடவை பூட்டு தொங்கினா போதும், பொய்யோ நெஜமோ, அப்புறம் ஒருத்தரும் என்கிட்ட குட்டி வாங்க மாட்டாங்க. இன்னிக்கு வேற ஒரு புருஷன் பொஞ்சாதி ரெண்டு குட்டி கேட்டு வர்றாங்க. அவங்க கண்ணுல இது பட்டுச்சுன்னா..." தங்கை வெளியே கேட்டைப் பார்த்தாள். "கூப்பிட்டாலும் போச்சு, கூப்பிடலைன்னாலும் போச்சு. எல்லாப் பக்கமும் அடைச்சுட்டு உக்காந்திருக்கார்ணே."

தகரக் கூரை காய்ந்து எங்கள் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஆடுகள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

"அந்த ஆடு நடிக்குது" என்றேன்.

சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில் உங்களுக்குத்தான் அடிச்சிருக்கு."

"ரயில்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! என்னைக் கண்டதும் தூங்கினவன், ஊமையானவன், மயங்கினவன். ஒரு பெரிய மனுஷன் செத்தே போயிட்டார். அடுத்த ஸ்டேஷன்ல டீக்காரன் குரல் கேட்டதும் எழுந்து உக்காந்து, சர்க்கரை கம்மியான்னு கேட்டார்."

"அவரு மனுஷன். இது ஆடு."

"சாகப்போற ஆடு ஈரத்தைத் தாண்டி, காஞ்ச இடமாப் பாத்து விழுமா? டிக்கெட் இல்லாதவனும் இப்படித்தான், பேப்பரை விரிச்சுட்டுத்தான் மயக்கம் போடுவான். அப்புறம், அதுக்கு இடது விலாவுல மட்டும் முடி இல்ல. விழுந்ததும் இடது பக்கம். ஒரே பக்கமா எத்தனை தடவை விழுந்தா அப்படித் தேயும்?"

"முடி இல்லைன்னா நடிகனா? எனக்குத் தலையில ஒண்ணுமே இல்ல. நான் என்ன தலைகீழா நின்னா நடிச்சேன்?"

"காதைப் பாத்தீங்களா? உடம்பு செத்துருச்சு, காது மட்டும் அந்த ஆள் சட்டைப் பைப் பக்கம் திரும்பி இருக்கு."

"சம்பந்தி, நாப்பது வருஷம் சாவுக் காட்சி ஓட்டினவன் நான் சொல்றேன். பெரிய பெரிய நடிகனுக்கே நெஞ்சு ஏறி இறங்கும், இமை ஆடும். ஆட்டுக்கு அந்த அளவு தொழில் சுத்தம் வராது."

தங்கை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நடிக்குதுன்னே வெச்சுக்குவோம். எப்படி நிரூபிப்ப? தட்டி எழுப்பினாலும் எழுந்திருக்கலைன்னா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எழுப்பி, அது எழவில்லை என்றால், நோய் என்று நாங்களே முத்திரை குத்தியதாகிவிடும். ஒரே ஒரு வாய்ப்பு. தப்பினால் பட்டு போய்விடும்.

அந்த நேரம் பார்த்து சந்தில் ஹாரன் சத்தம்.

குட்டி வாங்க வந்த தம்பதி. அவர்களுடைய வேன் லாரிக்குப் பின்னால் வந்து நின்றது. இரண்டு பேரும் இறங்கி, கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, சொல்லிடட்டுமா?" என்றார் நொட்டையார் நாற்காலியில் இருந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

தங்கை பட்டுவிடம் போனாள். கயிற்று முடிச்சில் கை வைத்தாள். ஆயிரம் தடவை போட்ட முடிச்சு, அன்று அவள் விரலுக்கு அவிழ மறுத்தது. பட்டு அவள் முழங்கையை நக்கியது.

"விடு தங்கச்சி, கொஞ்சம் பொறு."

"மத்ததுங்களாவது பொழைக்கட்டும்ணே" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கணத்தில் என் மூளை ஓடிய வேகத்துக்கு, எந்த எக்ஸ்பிரஸும் என் பின்னால் புகை விட்டுக்கொண்டுதான் வரவேண்டும். காலையிலிருந்து அந்த மனிதர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கால், காது, பல், வாளி, வெயில். எல்லாம் விலையைக் குறைக்கச் சொன்ன குறை. எதையும் கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொல்லவில்லை; வெற்றிலை துப்புகிற மாதிரி சொன்னார். ஒன்றே ஒன்றை மட்டும் கத்திச் சொன்னார். விலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று.

என் பஞ்ச் சத்தம்!

டப்பா மூடி 'டக்' என்றது, ஆடு லாரியிலிருந்து குதித்தது. பஞ்ச் 'டக்' என்றது, ஆடு என் பைக்குள் மூக்கை விட்டது. என் அருமை தெரிந்து வரவில்லை அது. திராட்சை கேட்டு வந்திருக்கிறது! என் வாழ்க்கையிலேயே பெரிய ஏமாற்றம் அது. ஆனால் துக்கப்பட நேரமில்லை.

முற்றத்தின் நடுவுக்கு வந்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்து, பஞ்ச்சைக் கையில் எடுத்தேன். சாக்குக்கு அடியில் செத்துக் கிடந்த ஆட்டின் முன்னால் குனிந்து, நாற்பது வருடக் குரலில் கேட்டேன்.

"டிக்கெட்!"

"என்னங்க பண்றீங்க?" என்று நொட்டையார் எழுந்தார். "யோவ், வேணாம்..."

டக்.

சாக்கு எழுந்தது. அதற்குள்ளிருந்து நாலு கால் முளைத்தது. சாக்கைப் போர்வை மாதிரி போட்டுக்கொண்டே கறுப்பு ஆடு என்னிடம் நடந்து வந்து, சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்து, ஒன்றும் கிடைக்காமல் என் பொத்தானைத் தின்றது.

கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் "ஆ" என்றாள். தங்கையின் கையிலிருந்து கயிறு நழுவியது.

நொட்டையார் லேசுப்பட்டவர் இல்லை. "அப்பாடா, பொழைச்சுருச்சு! ஆனா நோய் நோய்தான்மா. இப்போ எழுந்துக்கும், அப்புறம் பொத்துன்னு..."

"சம்பந்தி, கையை நீட்டுங்க" என்றேன்.

"எதுக்கு? நான் கை தட்ட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? இது தற்செயலா எழுந்துருக்கு."

"தங்கச்சி, நீ நீட்டு."

ஓங்கி அடித்தேன். ஆடு என் பொத்தானை மென்றபடியே சுற்றும்முற்றும் பார்த்தது. காய்ந்த வைக்கோல் வரைக்கும் நடந்துபோனது. இடது பக்கமாகச் சாய்ந்து, காலை விறைத்து, நாக்கை நீட்டிச் செத்தது.

"பாத்தீங்களா! வலிப்பு! நான் சொல்லல?" என்றார் நொட்டையார்.

டக். எழுந்தது.

"வலிப்புக்கு டைம் டேபிள் எல்லாம் இருக்கா?" என்று கேட்டார் வெளியே நின்ற கணவர்.

"ரெண்டாவது தடவையும் தற்செயலா இருக்கலாம்" என்றார் சம்பந்தி. அந்த மனிதர் வீட்டுக்கு நான் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்!

நொட்டையார் நாற்காலியைத் தள்ளிவிட்டு லாரிக்கு ஓடினார். ஏறினார். சாவியைப் போட்டார். பின்னால் பார்த்தார். பின்னால் வேன். இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர். முன்னால் கேட். மினி லாரி ஒரு முறை உறுமிவிட்டு அடங்கிப்போனது.

தங்கை நடந்துபோய், கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை நிமிர்த்தினாள். அதே இடுக்கில் போட்டாள். உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"வேனை எடுக்காதீங்க" என்றாள் தம்பதியிடம். பிறகு லாரியைப் பார்த்து, "இறங்குங்க. முதல்ல இவங்ககிட்ட சொல்லுங்க. என் கொட்டகையில நோய் இருக்கா?"

"...இல்ல."

"சத்தமா."

"இல்லம்மா, இல்ல! ஒரு நோயும் இல்ல!"

"நல்லது. அந்தப் பெட்டைக் குட்டி உங்களுக்கு இல்ல. என்கிட்ட விக்கிற ஆடு இருக்கு. உங்களுக்கு விக்கிற ஆடு இல்ல. இப்போ நான் வாங்கணும். அந்தக் கறுப்பு ஆடு என்ன விலை?"

நொட்டையார் விழித்தார். "அது... அது விக்கிறதில்லம்மா."

"பேச்சுக்குக் கேக்கலை நான். அது ஏன் இப்படி நிக்குது?"

"எப்படி?"

"நாலு காலையும் ஊனி."

சந்தில் சிரிப்பு வெடித்தது. தங்கை சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழாமலே அடுக்கினாள்: விலாவில் முடி இல்லை, பொத்தானைத் தின்கிறது, சத்தம் கேட்டால் செத்துப்போகிறது. "நீங்களே இதைப் பொணம்னு சொன்னீங்க. பொணத்துக்கு அரை மூட்டை தவிடு தர்றேன். அதுவும் அதிகம்."

"அரை மூட்டை தவிடா? எத்தனை மாசம் கஷ்டப்பட்டுப் பழக்கினேன் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, நொட்டையார் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"இதை உங்ககிட்ட விட்டா, நாளைக்கு வேற எவளோ ஒருத்தி கொட்டகை வாசல்ல போய்ச் சாகும்" என்றாள் தங்கை. "தவிட்டை ஏத்திக்கங்க. அந்த டப்பாவையும் வெச்சுட்டுப் போங்க. அப்புறம்தான் நாற்காலியும் நகரும், வேனும் நகரும்."

டப்பா கை மாறியது. நொட்டையார் மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, தவிடு கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்றார். பழக்கதோஷம். தங்கை கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் அவரும் அடித்தார்.

பட்டென்ற சத்தத்துக்குக் கறுப்பு ஆடு மூன்றாவது தடவையாக உயிரை விட்டது.

டக். இந்த முறை டப்பாவைத் திறந்தது தங்கை. எழுந்து வந்து அவள் கையிலிருந்து திராட்சையை வாங்கிக்கொண்டது. அதைக் கொட்டகைக்குள் விடாமல், முற்றத்தின் மறுகோடியில் தனியாகக் கட்டினாள். வெளி ஆடு வெளி ஆடுதான். சில நாள் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே சேர்ப்பாளாம். வேன் பின்னால் போனது, லாரி போனது, வேன் திரும்ப உள்ளே வந்தது. தம்பதி ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிக்கொண்டார்கள், ஒரு குறையும் சொல்லாமல். பட்டு தன் பழைய கம்பத்தில், பழைய முடிச்சில், எதுவுமே நடக்காத மாதிரி அசை போட்டுக்கொண்டிருந்தது. கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. காற்று உள்ளே வந்தது.

சம்பந்தி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அந்த வாய் மூடிக் கிடந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். கறுப்பு ஆட்டின் முன்னால் போய் நின்றார். அதன் விலாவைப் பார்த்தார், காதைப் பார்த்தார். குனிந்து, மூக்குக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"நெஞ்சு ஏறி இறங்கலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இமைகூட ஆடலையே..."

பிறகு நாற்பது வருடம் எவனுக்கும் சேராத அந்த இரண்டு கைகளும் மெதுவாக மேலே வந்தன. தட்டினார். ஒரு தடவை இல்லை, விடாமல் தட்டினார்.

ஆடு காய்ந்த இடம் பார்த்து விழுந்தது. நாலு காலும் விறைத்தன.

நான் பஞ்ச்சை எடுத்தேன். சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க சம்பந்தி. கைதட்டலை முழுசா வாங்கிக்கட்டும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நடந்துச்சு. நான் பாத்தேன். நடந்துச்சு."